விசில் கைமாறினால்…

கேள்வி: ஓய்வுபெற்ற ரக்பி வீரர்களை நடுவராக வரச்சொல்லி அழைக்கிறார்களே, சரிப்படுமா?

பதில்: மருமகளாக இருந்தவர்தானே மாமியாராகிறார்! அயர்லாந்தின் அலன் ரோலண்ட், இங்கிலாந்தின் கார்ல் டிக்சன் இருவருமே ஸ்க்ரம்-ஹாஃப் இடத்தில் ஆடிவிட்டு நடுவரானவர்கள். ஆட்டம் முழுக்க நடுவரின் காதருகே நின்று நியாயம் பேசுகிற இடம் அது. ரோலண்ட் 2007 உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்கே விசில் ஊதினார். 2011 அரையிறுதியில் வேல்ஸ் கேப்டன் வார்பர்ட்டனுக்குச் சிவப்பு அட்டை காட்டி, ஊர்ப்பட்ட சாபத்தையும் வாங்கிக்கொண்டார். ஆட்கள் குவிந்து கிடக்கும்போது அடியில் எந்தக் கை என்ன திருட்டு வேலை செய்கிறது என்று தெரிய, அங்கே நாமும் ஒருகாலத்தில் கைவைத்திருக்க வேண்டுமே! முழங்கால்தான் ஒத்துழைக்க வேண்டும். முப்பது பேரில் யாராவது நின்று மூச்சு வாங்கலாம். நடுவர் பந்து போகுமிடமெல்லாம் ஓடியாக வேண்டும், அதுவும் திட்டு வாங்கிக்கொண்டே.