சந்தனக் காட்டை மீட்கிறார்களாம்

சந்தன மரத்தை மறுபடியும் நம் காடுகளில் வளர்க்கப் போகிறார்கள். நல்லது. நம் ஊரில் எதை வளர்ப்பதென்றாலும் முதலில் பந்தல் போட வேண்டும். கன்று ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ளப் பத்துக் கை, பூவாளி பிடிக்க ஒருவர், கேமரா வரும்வரை பூவாளியைச் சாய்க்காதே என்று அதட்ட இன்னொருவர். வந்தவர்கள் நெற்றியில் சந்தனம். அது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று கேட்பது மரியாதையில்லை.

சந்தனம் தனியாகப் பிழைக்காத மரம் என்பதை அந்தப் பத்துக் கைகளுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம். பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்து உறிஞ்சித்தான் அது வளரும். விவரம் தெரிந்த நாற்றங்காலில் பையிலேயே ஒரு துவரையைத் துணைக்கு ஊன்றுவார்கள். விழாத் திடலிலோ பெரியவர்கள் செருப்பில் முள் குத்தக் கூடாதென்று புல் பூண்டு வரை செதுக்கியாயிற்று. கன்று உறிஞ்சுவதற்கு மிஞ்சியது நிதி ஒதுக்கீடு மட்டும்தான். அதில் வேறு வேர்கள் முன்பே இறங்கிவிட்டன.

இந்த மரத்தைக் கொல்லும் ஸ்பைக் நோய் 1899இல் குடகில் பதிவானது. இலை சிறுத்து விறைக்கும், கணுக்கள் நெருங்கும், கிளை நுனி ஈட்டி ஈட்டியாக நிற்கும். இரண்டு மூன்று வருஷத்தில் மரம் பட்டுப்போகும். 1903க்கும் 1916க்கும் இடையில் குடகிலும் மைசூரிலும் ஏறக்குறைய பத்து லட்சம் மரங்களை அகற்றினார்கள். மருந்து கண்டுபிடிப்பவருக்கு 10,000 ரூபாய் என்று 1907இல் மைசூர் மகாராஜா அறிவித்தார். பிறகு நம் சேலம்: 1917 முதல் 1925 வரை 98,734 மரங்கள் செத்ததாகக் கணக்கு. கடைசி நான்கு மரம் வரை விடாமல் எழுதிவைத்த நேர்த்தியைப் பாருங்கள். பிணத்தை எண்ணுவதில் நம் அலுவலகங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், தத்துப்பூச்சி அதைப் பரப்புகிறது என்பதெல்லாம் தெரிந்தும், தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை. டெட்ராசைக்ளின் ஊசி போட்டால் கொஞ்ச காலம் துளிர்க்கும், அவ்வளவுதான். நோய் உள்ளே இருந்தும் வெளியே காட்டாத மரங்களும் உண்டு. ஆகவே ஒழுங்காகச் செய்யக்கூடியது இரண்டே காரியம். ஒன்று, விற்கும் கன்றைச் சோதித்து விற்பது. மற்றது, காட்டில் தினமும் நடக்கிறவர், இலை சிறுத்த முதல் மரத்தைக் கண்டதும் ஓடிவந்து சொல்வது.

யார் வந்து சொல்வார்கள்?

2002 வரை தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் சர்க்கார் சொத்து. விதைத்தது குயில், காவல் காத்தது விவசாயி, மரம் மட்டும் அரசாங்கத்துக்கு. திருடன் வெட்டிக்கொண்டு போனாலோ, விசாரணைக்கு முதலில் கூப்பிடப்படுவது நிலக்காரர். அவர் முட்டாளில்லை. வேலியோரம் கன்று தலைகாட்டினால் இரண்டு இலை விடும்போதே பிடுங்கி எறிந்தார். பூச்சிக்குக்கூட மரம் வளர்ந்தால்தான் வேலை. நம் சட்டம் முளையிலேயே முடித்துவிட்டது. இப்போது மரம் உங்களுடையதுதான் என்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் வெட்ட நினைத்தால் மனு போட்டுவிட்டு வனத்துறைக்காகக் காத்திருக்க வேண்டும்.

மலையில் இருந்தவர்கள் கதை இதைவிட மோசம். தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. மூன்று துறைகள் ஒரு காரியத்தில் இவ்வளவு ஒற்றுமையாகச் செயல்பட்டதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஊரை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைக்கூட விடாமல் கெடுத்தார்கள். மரத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் கிணற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடமை என்று வந்துவிட்டால் எல்லை பார்க்க மாட்டார்கள்.

2011 செப்டம்பர் 29இல் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2023 செப்டம்பர் 29 ஆயிற்று. சந்தனம் வைரம் பாய இருபது வருஷம் என்றால் அவசரக்காரருக்குப் பொறுக்காது. வாச்சாத்திப் பெண்கள் முப்பத்தொரு வருஷம் பொறுத்தார்கள். அவர்களுக்கு யாரும் பந்தல் போடவில்லை.

இந்த மக்களைத்தான் இப்போது "மக்கள் பங்கேற்பு" என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறார்கள். நோயுற்ற மரத்தை அடையாளம் காட்ட வேண்டுமாம், கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், கடத்தல்காரனைப் பற்றித் துப்பும் கொடுக்க வேண்டுமாம். சந்தன மரத்தின் பக்கத்தில் நின்ற குற்றத்துக்கு அடி வாங்கிய மனிதர், பட்டுப்போகும் மரத்தைப் பார்த்தால் என்ன செய்வார்? பார்க்காத மாதிரி வேறு பாதையில் போவார். போகத்தான் வேண்டும். நானாயிருந்தாலும் போவேன்.

நாளைக்கே கன்று ஏற்றிக்கொண்டு வனத்துறை லாரி ஒன்று அந்த ஊருக்குள் நுழையலாம். சத்தம் கேட்டதும் ஊர் எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அறிக்கையில் ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு, அப்புறம் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுங்கள்.