ஆவடிக்கும் கப்பலுக்கும் என்ன உறவு?

கேள்வி: கடலைப் பார்க்கவே ரெண்டு பஸ் மாறணும். கப்பல் ஹைட்ரஜனில் ஓடினால் எங்களுக்கு என்ன சார்? (ஒரு வாசகி, ஆவடி)

பதில்: அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைந்த உதிரி பாகம் கன்டெய்னரில் ஏறினால், அடுத்த ஸ்டாப் துறைமுகம்தானேம்மா! கப்பல் கக்கும் கரும்புகையில் நம் சரக்குக்கும் பங்குண்டு.

கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகை, 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்தார். 50 பேர் போகலாம். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரம் தரும்; வெளியே சொட்டுவது வெறும் தண்ணீர். எனக்கு அந்தச் சொட்டு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பெரிய கப்பலில்தான் சிக்கல். ஹைட்ரஜனுக்கு எடைக்கு எடை டீசலைப்போல் கிட்டத்தட்ட 3 மடங்கு சக்தி, ஆனால் ஆள் சின்ன இடத்தில் அடங்க மாட்டார். மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர வைத்துத் திரவமாக்கினாலும், டீசலைப்போல் 4 மடங்கு இடம் கேட்பார். சரக்கை எங்கே வைப்பது? அதனால்தான் நெடும்பயணத்துக்கு, ஹைட்ரஜனிலிருந்து செய்யும் அம்மோனியா, மெத்தனால் பக்கம் பார்வை திரும்புகிறது.

அந்த ஹைட்ரஜனும் வெயில், காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுத்ததாக இருக்கணும். இயற்கை எரிவாயுவில் எடுத்தால், புகை கப்பலை விட்டு ஆலைக்குக் குடிபோகும், அவ்வளவே. தென்பாண்டிச் சீமையில் வெயிலுக்கும் காற்றுக்கும் என்ன பஞ்சம்?

ஹைட்ரஜன் உங்கள் பக்கம் வர பஸ் மாறவே வேண்டாம்: உங்கள் மின்சார ரயில் வழியில், வில்லிவாக்கம் பக்கத்து ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.