ஸ்பிட்ஃபயர் கேக்குதோ பேராண்டிக்கு?

டேய் இஞ்சினியரு, வா, இப்படிக் குந்து. அந்த செல்லைக் கொஞ்சம் கவுத்து வை. ரிமோட்டுல பறக்கற சண்டை விமானம் செய்யப் போறியாமே, உங்க ஆயா சொன்னா. அவ சொன்ன வேகத்துல நீ தியாகதுருகத்து மேல குண்டு போடப் போறியோன்னு பயந்தே போயிட்டேன். விசாரிச்சப்பறம்தான் தெரிஞ்சுது, தெர்மாகோல் அட்டையில ஸ்பிட்ஃபயர் வெட்டப் போறியாம். நல்ல காரியம். எலவனாசூர்கோட்டைன்னு பேருலயே கோட்டை வச்சிருக்கற ஊருக்கு ஒரு விமானப்படை இல்லாதது எனக்கும் ரொம்ப நாளாக் கொறையாத்தான் இருந்துச்சு.

நான் வேணாம்னு சொல்லப் போறதில்ல. வேணாம்னா நீ ரெண்டு செய்வே. செய்யின்னு சொல்லிட்டு, எப்படித்தான் செய்யறேன்னு திண்ணையில குந்திப் பாக்கறதுதான் கெழவன் வேலை. இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. ராத்திரி நீ கூட்டாளிங்களோட போன்ல கத்தறதெல்லாம் திண்ணைக்குத்தான் வருது. அதுல பாதி தப்புன்னும் எனக்குத் தெரியுது, ஏன்னா மீதியை உன் தங்கச்சிகிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்.

நம்ம சீமைக்கு சண்டை விமானம் ஒண்ணும் புதுசில்ல. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு போட்டான். மெட்ராஸ் பட்டணம் பாதி மூட்டை கட்டிக்கிட்டுக் கெளம்பிடுச்சு. அந்த யுத்த காலத்துலதான் வெள்ளைக்காரன் மாகாணம் பூரா அங்கங்க ஓடுதளம் போட்டான். சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு, அப்புறம் நமக்குக் கூப்புடு தூரத்துல இருக்கற உளுந்தூர்பேட்டை. சோழவரத்துல பின்னாடி கார் ரேஸ் விட்டாங்க. உளுந்தூர்பேட்டைக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. அதுக்காக நீ அனுமதி வாங்காம பொட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க போயிடாதே. பாழாக் கெடந்தாலும் சர்க்கார் எடம் சர்க்கார் எடம்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன். ஏன்டா, பறக்க விடவே தெரியாத பய எவனாவது மொத விமானமா ஸ்பிட்ஃபயரை எடுப்பானா? பாக்க அழகா இருக்குன்னு எடுக்கறே. அழகாத்தான் இருக்கும். மிட்சல்னு ஒருத்தர் வரைஞ்சாரு, 1936 மார்ச் 5ஆம் தேதி மொதமொதல்ல பறந்துச்சு, மறு வருஷமே அவரு போயிட்டாரு. ஆனா அவரு அதை உனக்காக வரையல. சண்டை விமானம் நேராப் போறதுக்குச் செஞ்சதில்ல, சட்டுனு திரும்பறதுக்குச் செஞ்சது. ஆடாம அசையாமப் போறவனை எதிரி சுலபமாக் குறி பாத்துடுவான். அதனால கொஞ்சம் தொட்டாலும் பொரளற கொணம் அதுக்குள்ளயே வச்சிருக்கு. எதிரியே இல்லாத உனக்கு அந்தக் கொணம் எதுக்கு? மல்லாட்டைக் கொல்லையில எவன்டா உன்னைச் சுடப்போறான்?

இன்னொண்ணு, காலைப் பாரு. ஸ்பிட்ஃபயருக்குச் சக்கரம் ரெண்டும் ஒடம்புக்கு ஒட்டினாப்புல நெருங்கி நிக்கும், மடங்கறப்ப வெளிப்பக்கமா மடங்கும். எதிராளி ஜெர்மன்காரனோட மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கும் அதே கோளாறு. குண்டு படாமலே தரையில கவுந்து ஒடைஞ்ச 109 ஏராளம். பயிற்சி எடுத்த பட்டாளத்தானே கவுத்திருக்கான். நீ மக்காச்சோளம் அறுத்த தட்டை நடுவுல எறக்கப் போறியாம். எறக்கு, எறக்கு, நான் கட்டில் போட்டுப் பாக்கறேன்.

கணக்குலயும் நீ கோட்டை விட்டிருக்கே. நெச ஸ்பிட்ஃபயருக்கு றெக்கை இந்த நுனியில இருந்து அந்த நுனிக்கு பதினொண்ணேகால் மீட்டர். நீ பத்துல ஒண்ணாக் கொறைக்கறே, அப்ப ஒண்ணேகால் மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. நீளம் பத்துல ஒண்ணாச்சுன்னா றெக்கைப் பரப்பு நூறுல ஒண்ணாயிடும், எடை ஆயிரத்துல ஒண்ணாயிடும். கேக்க லாபமாத்தான் இருக்கு. நெச விமானம் கிட்டத்தட்ட மூணு டன்னு, அப்ப உன்னுது மூணு கிலோ. ஆனா கால் சதுர மீட்டருக்கும் கொறைஞ்ச றெக்கை மூணு கிலோவைத் தூக்கணும்னா தலைதெறிக்க ஓடணும். கொஞ்சம் வேகம் கொறைஞ்சா அங்கயே குப்புற விழும். விமானத்தைச் சின்னதாக்கலாம், காத்தைச் சின்னதாக்க முடியாதுடா. அதனால நீ ஒண்ணு, ஒண்ணேகால் கிலோவுக்குள்ள முடிக்கணும். பெயின்ட்டு, எட்டு துப்பாக்கி, உள்ள ஒரு பொம்மை பைலட், அவனுக்கு மீசைன்னு நீ போட்டு வச்சிருக்கற பட்டியலைப் பாத்தேன். மீசையை எடுத்துடு.

அந்த நீள்வட்ட றெக்கை இருக்கே, அதுல மிட்சல் ஒரு வேலை செஞ்சு வச்சிருக்காரு. அடியில இருந்து நுனி வரைக்கும் ரெண்டரை டிகிரி கீழ் முகமா முறுக்கி வச்சிருக்காரு. எதுக்கு? வேகம் கொறையறப்ப றெக்கை நுனி மொதல்ல ஓய்ஞ்சு போச்சுன்னா விமானம் ஒரு பக்கமா சொழண்டு விழும். முறுக்கி வச்சா அடிப்பாகம் மொதல்ல ஓயும், உனக்கு ஒரு எச்சரிக்கை கெடைக்கும். நீ தட்டையா ஒரே அட்டையில வெட்டினா அந்த எச்சரிக்கை வராது, நேரா சத்தம்தான் வரும்.

அப்புறம் கனம். நெச ஸ்பிட்ஃபயரு மூக்குல மெர்லின் எஞ்சின் மட்டும் அறுநூறு கிலோவுக்கு மேல. உன் மூக்குல இருக்கறது கட்டைவிரல் தண்டி மோட்டாரு. அப்ப வாலுதான் கனக்கும். வால் கனமா இருந்தா கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், அந்தரத்துல நிக்கும், கவுரும். றெக்கையோட முன் விளிம்புல இருந்து கால் பாகத்துக்கும் மூணுல ஒரு பாகத்துக்கும் நடுவுல ரெண்டு வெரலை வச்சுத் தூக்கிப் பாரு, சமமா நிக்கணும். நிக்கலன்னா பேட்டரியை முன்னாடி தள்ளு. அதுவும் பத்தலன்னா மூக்குல ஈயம் வை. இவ்வளவு நேரம் எடை கொறைன்னு கத்தின கெழவன் இப்ப ஈயம் வைன்னு சொல்றானேன்னு பாக்காதே, அதுதான் இந்தத் தொழில்.

பசையைப் பத்திப் பேசினா உங்க அப்பன் சிரிக்கறான். அவனுக்கு மாஸ்கிட்டோ கதை தெரியாது. டி ஹாவிலண்ட் கம்பெனிக்காரன் 1940ல மரத்துலயே ஒரு சண்டை விமானம் செஞ்சான். நடுவுல பால்சா, ரெண்டு பக்கமும் பிர்ச் பிளைவுட்டு, வேலை செஞ்சவங்கள்ல மேசை நாற்காலி செய்யற தச்சனுங்களும் உண்டு. நீ காசு குடுத்து வாங்கற அதே பால்சாதான்டா, ஈக்வடார்ல வெளையற மரம். அந்த விமானம் நம்ம தேசத்துக்கு வந்துச்சு. 1944 கடைசியில சிலது றெக்கை பிரிஞ்சு விழ ஆரம்பிச்சுது. எல்லாத்தையும் தரையில நிறுத்திட்டு, நம்ம வெயிலும் ஈரமும் பசையைக் கெடுத்துச்சா, ஒட்டினவன் சரியா ஒட்டலையான்னு தேடினாங்க. அவனுக்கே அந்த கதி. நீ தெர்மாகோல்ல ஃபெவிக்விக் ஊத்தினே பாரு போன வாரம், றெக்கை நடுவுல கெணறு தோண்டினாப்புல கரைஞ்சு போச்சே, அது பசை மேல குத்தமில்ல. தெர்மாகோலுக்கு ஆகற பசை வேற. பசை வர்ற அட்டை மேல எழுதியிருக்கறதைப் படிச்சிட்டு ஒட்டு. பொறியியல் படிக்கறவன் படிக்கலாம், தப்பில்ல.

வரைபடமாவது போட்டியா? கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிக்கறப்ப தாழப் பறந்து தாக்கற விமானம் ஒண்ணை வடிவமைக்கற வேலையைக் குடுத்தாங்க. வேலை மெதுவாப் போவுதுன்னு அங்க இருந்த பேராசிரியர் சீனிவாசன், மூணு நாள்ல முடி, இல்லன்னா உதவித்தொகை போயிடும்னுட்டாரு. மனுசன் தூங்காமக் குந்தி வரைஞ்சு முடிச்சாரு. உனக்கு அப்படிச் சொல்ல ஆளில்ல, அதான் கோளாறு. உங்க ஆயா மூணு வேளையும் சோத்தைக் கொண்டாந்து மேசையிலயே வச்சா வரைபடம் எங்க இருந்து வரும்?

வரைஞ்சு, ஒட்டி, சமம் பாத்தாச்சா? ஒடனே மோட்டாரைப் போட்டு முடுக்காதே. பெங்களூர்ல இந்துஸ்தான் விமானக் கம்பெனி மாருத்னு ஒரு ஜெட் சண்டை விமானம் செஞ்சுது. அதை வரைஞ்சது கர்ட் டாங்க், ஹிட்லர் காலத்துல ஃபோக்கவுல்ஃப் 190 செஞ்ச ஜெர்மன்காரர். அவ்வளவு பெரிய ஆளு என்ன செஞ்சாரு தெரியுமா? மொதல்ல அதே அளவுல, எஞ்சினே இல்லாம, மரத்துல ஒரு கிளைடர் செய்யச் சொன்னாரு. 1959ல அதை ஒரு டகோட்டா விமானத்துக்குப் பின்னாடி கட்டி இழுத்துப்போய் மேல விட்டுப் பாத்தாங்க. ஜெட் பறந்தது 1961 ஜூன் 17ல. அதுக்கு முன்னாடி மரத்தையே பறக்க விட்டுப் பாத்திருக்காங்க. நீ ரெண்டு சாயங்காலமாவது கையால வீசிப் பாக்க மாட்டியா? புல்லு இருக்கற எடமாப் பாத்து, காத்துக்கு எதிரா, சமமாத் தள்ளி விடு. எங்க முட்டுதோ, எப்படி முட்டுதோ, அதைப் பாத்து ஈயத்தை மாத்து.

இப்ப என் யோசனை. மொத விமானம் சாதுவா இருக்கட்டும். றெக்கை முதுகு மேல குந்தியிருக்கணும், ரெண்டு நுனியும் லேசா மேல தூக்கியிருக்கணும், அடி தட்டையா இருக்கணும். அது சாஞ்சாலும் கையை விட்டா தானே நிமிந்துக்கும். அதுலதான் கத்துக்கணும். மொதல்ல கத்துக்க வேண்டியது, விமானம் உன்னைப் பாத்து வர்றப்ப எடதும் வலதும் மாறிப்போவும். மேல போறப்ப எல்லாரும் பைலட்டுதான், திரும்பி வர்றப்பதான் தெரியும். ஒரு வழி சொல்றேன், உன் பக்கம் வர்றப்ப எந்த றெக்கை தாழுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நிமிந்துடும். அந்த சாது விமானத்துக்கு மீசை வரை, எனக்குச் சம்மதம். கூவாகத்துல சித்திரைக்குச் சித்திரை அரவானைக் கும்பிடறோமில்ல, சண்டை தொடங்கறதுக்கு முன்னாடி களப்பலி ஆனவன். அப்படி இதை மொதல்லயே நேந்து விட்டுடு. ஸ்பிட்ஃபயரு அதுக்கப்புறம் வரட்டும்.

வெளையாட்டு சாமான்தானேன்னு நான் ஏளனமாப் பேசறேன்னு நெனக்காதே. ரெஜினால்ட் டென்னின்னு ஹாலிவுட்ல ஒரு நடிகர். பொம்மை விமானக் கிறுக்கு பிடிச்சு கடையே வச்சாரு. அது வளந்து ரேடியோபிளேன்னு கம்பெனி ஆச்சு. ரெண்டாம் உலக யுத்தத்துல பீரங்கிக்காரனுங்க சுட்டுப் பழகறதுக்கு ரேடியோவுல ஓடற குட்டி விமானம் ஆயிரக்கணக்குல அங்க இருந்துதான் போச்சு. அப்ப அந்தப் பட்டறையில வேலை செஞ்ச ஒரு பொண்ணை பட்டாளத்து போட்டோக்காரன் படம் பிடிச்சான். அதுதான் பின்னாடி மர்லின் மன்றோ. ஒடனே உங்க அம்மாகிட்ட போய், பட்டறை போட்டா நல்ல மருமவ வருவான்னு தாத்தா சொன்னாருன்னு சொல்லிடாதே.

நம்ம பக்கத்துலயும் ஒரு நடிகர் இருக்காரே, அஜித்குமார். சின்ன விமானம் பறக்க விடறதுல பழுத்தவரு. 2018ல அதே எம்.ஐ.டி. பசங்களோட தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகரா இருந்தாரு. ஆஸ்திரேலியா போட்டி வரைக்கும் அந்தக் குழு போச்சு. 2020 கொரோனா காலத்துல அவங்க டிரோன் தெருவுல மருந்து அடிச்சுது. அதைக் கேட்டப்பறம்தான் எனக்கு ஒரு ஆசை வந்துச்சு. நம்ம மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்து குருத்தைத் துன்னுதே, சண்டை போடணும்னா அதும்மேல போடேன்டா. மொகத்தைச் சுளிக்கறே பாரு. சரி, ஸ்பிட்ஃபயரே செய்யி.

சட்டம் ஒண்ணு இருக்கு. டிரோன் விதிகள் 2021. இருபத்தஞ்சு கிலோவுக்குள்ள, படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே ஓட்டற மாடலுக்கு அதுல தனி வகையே வச்சிருக்காங்க. தடையில்லாத பச்சை மண்டலத்துலயும் நானூறு அடிக்கு மேல அனுமதி இல்லாமப் போவக்கூடாது. எந்த எடம் பச்சை, எது செவப்புன்னு வரைபடம் பாத்துட்டு, பதிவு என்ன வேணும்னு விசாரிச்சுட்டுப் பற. மந்திரி வர்ற நாள்ல வூட்டுல இரு. நாலுவழிச் சாலைப் பக்கமும் மின்சாரக் கம்பிப் பக்கமும் போவாதே.

ஆடி மாசம் கல்வராயன் மலைப் பக்கமிருந்து அடிக்கற காத்துல பறக்க விட்டுட்டு, என் விமானம் பறந்துச்சுன்னு வந்து நிக்காதே. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், அதுக்கு ரிமோட்டு வேணாம். காத்தால வெயில் ஏறறதுக்கு முன்னாடி போ.

அந்த லிப்போ பேட்டரியை மட்டும் வைக்கப்போர்ப் பக்கமோ மாட்டுக் கொட்டாயிலயோ சார்ஜ் போடக்கூடாது. ஒரு செல்லு 4.2 வோல்ட்டு, அதுக்கு மேல ஏத்தினா நெருப்பு. உப்பிப் போன பேட்டரியை இன்னும் ஒரு தடவைன்னு ஆசைப்பட்டு மாட்டாதே. மணல் கொட்டின இரும்புப் பொட்டியில வச்சு, பக்கத்துலயே குந்தியிருந்து ஏத்து. ரீல்ஸ் பாக்கறதுக்கு உனக்கு நல்ல சாக்கு.

விழும்டா. கண்டிப்பா விழும். விழுந்தா வீடியோ எடுத்துக்கிட்டு நிக்காம, தெர்மாகோல் துண்டு, பிளாஸ்டிக்கு, ஒயரு, ஒடைஞ்ச காத்தாடின்னு ஒண்ணு விடாமப் பொறுக்கிக்கிட்டு வா. அந்தக் கொல்லையில மாடு மேயுது, துன்னு வச்சிடும்.