மடிப்பாக்கத்து கேப்டன்

ஊரில் இன்று நாலு தெருவுக்கு ஒரு கேப்டன் இருக்கிறார். எங்கள் மடிப்பாக்கத்து கேப்டன் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பவர். இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் அடங்கியதும், மகனுடைய பழைய லேப்டாப்பைத் திறந்து 180 பேரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் கிளம்பிவிடுவார். அந்த 180 பேரும் இல்லாதவர்கள். விமானமும் இல்லாதது. அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர்கூட அந்த வீட்டில் இல்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. இருப்பது கேப்டன் ஒருவர்தான். அவரும் இருக்கிறாரா என்று அவ்வப்போது சந்தேகம் வரும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முன்பெல்லாம் இந்தப் பொழுதுபோக்குக்குச் சொத்து வேண்டும். 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், செயற்கைக்கோள் படங்களை வைத்து முழு பூமியையும் கட்டிக் கொடுத்தது. சர்வரில் இருக்கும் அந்தப் பூமியின் எடை 2 பெட்டாபைட்டுக்கு மேல். நம் கணக்கில் 20 லட்சம் ஜிபி. அதைத் திணறாமல் காட்டக்கூடிய கம்ப்யூட்டரின் விலையைக் கேப்டன் ஒருமுறை வீட்டில் சொல்லிப் பார்த்தார். "அந்தக் காசுக்கு நிஜமாவே நாலு பேரும் சிங்கப்பூர் போய்ட்டு வந்துடலாமே" என்றார் அவர் மனைவி. திட்டம் அன்றோடு தரையிறங்கியது.

2022 மார்ச்சில் இதே விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் கிளவுட் வழியாகக் கிடைக்கத் தொடங்கியது. 2025 நவம்பரில் அந்தச் சேவை இந்தியாவுக்கும் வந்தது; கேப்டனுக்கு வேலை கிடைத்தது. விஷயம் சுலபம்தான். இவர் இங்கே கேம்பேடில் ஒரு பட்டனைத் தட்டினால் அது டேட்டா சென்டருக்கு ஓடும். அங்கே இருக்கும் பலசாலி மெஷின் விமானத்தைத் திருப்பி, படம் வரைந்து, வீடியோவாகத் திருப்பி அனுப்பும். லேப்டாப்புக்கு வேலை படம் காட்டுவது மட்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய லேப்டாப்பில் பனி படர்ந்த இமயமலை தெரியும்.

நெட் மட்டும் தாராளமாக வேண்டும். வினாடிக்கு 20 மெகாபிட் ஓட்டம் என்றால் மணிக்கு 9 ஜிபி போய்விடும். மொபைலில் தினம் 2 ஜிபி பேக் போட்டிருப்பவர் இதைத் தொட்டால், ஓடுபாதையின் முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பேக் தீர்ந்துவிடும். அதனால் டேக் ஆஃப், லேண்டிங் இரண்டு சமயத்திலும் வீட்டில் எல்லாரும் வைஃபையை அணைக்கவேண்டும் என்பது கேப்டன் உத்தரவு. நிஜ விமானத்தில் ஏரோப்ளேன் மோட் போடச் சொல்வதில்லையா, அதே விதிதான் இங்கேயும் என்பார். கல்லூரிப் பாடம் டவுன்லோடு செய்துகொண்டிருக்கும் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பான்.

கேப்டனின் பொறுப்புணர்ச்சி அலாதியானது. கதவு மூடியதா, எரிபொருள் எவ்வளவு, ஃப்ளாப் எந்த நிலையில் என்று செக்லிஸ்ட்டை வரி வரியாக உரக்கப் படித்து, தானே "செக்" என்று பதிலும் சொல்லிக்கொள்வார். கண்ட்ரோல் டவரோடு பேச, திரையில் வரும் வரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இவர் வாயாலும் ஒப்பிப்பார். கத்திப்பாராவில் ஸ்கூட்டரைத் திருப்பும்போது ஒருநாளும் இண்டிகேட்டர் போட்டறியாத அதே மனிதர், ஓடுபாதைக்குள் நுழையும்போது ஸ்ட்ரோப் விளக்கைப் போட மறக்கவே மாட்டார். கேஸ் சிலிண்டர் புக் செய்யச் சொன்னால் மூன்று நாள் ஆகும். ஆனால் சிங்கப்பூரில் இறங்க முடியாமல் போனால் எங்கே போவது, அதுவரை எரிபொருள் தாங்குமா என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே ஒரு டைரியில் எழுதி வைத்திருப்பார்.

பேச்சும் மாறிவிட்டது. ஊர்களுக்குப் பெயர் கிடையாது; விமான நிலையக் குறியீடுதான். "மாமனார் வி.ஓ.எம்.டி.லேர்ந்து நாளைக்கு வர்றார்" என்றால் மதுரைக்காரர் வருகிறார் என்று அர்த்தம். கூரியர் பையன் போனில் வீட்டு நம்பர் கேட்டால் 4பி என்பதை "ஃபோர் பிராவோ" என்பார். அவன் அடுத்த தெருவில் பிராவோ என்று யாராவது குடியிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு நிற்பான். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால், மேலே போகும் விமானத்தைப் பார்த்து, "தென்மேற்குக் காத்து வந்துடுச்சு, 25-ம் ஓடுபாதையில இறக்குறான்" என்று அறிவிப்பார். மீனம்பாக்கத்தில் அடையாற்றின் மேல் பாலம் போட்டு இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருக்கும் அழகை அவர் விவரித்துக் கேட்கவேண்டும். துணி அதற்குள் காய்ந்துவிடும்.

இதை விளையாட்டு என்று சொல்லிவிட்டால் மட்டும் முகம் சுருங்கும். "எட்வின் லிங்க் 1929-ல பண்ணினதும் இதே சிமுலேட்டர்தான் சார். அதுல பழகித்தான் இரண்டாம் உலகப்போர்ல லட்சக்கணக்கான பேர் விமானி ஆனாங்க" என்பார். உண்மைதான். தன் அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் காற்றுத் துருத்திகளோடு வளர்ந்த லிங்க், அதே துருத்திகளை வைத்துத்தான் அந்த நீலப்பெட்டியை ஆடவும் சாயவும் வைத்தார். ஆனால் முதலில் அதை வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள் என்பதும், காசு போட்டுக் குழந்தைகள் ஏறி ஆடினார்கள் என்பதும், 1934-ல்தான் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது என்பதும் கேப்டன் சொல்கிற சரித்திரத்தில் வராது.

நிஜ விமானத்தில் ஏறினால் அவர் வேறு ஆள். இறக்கையை ஒட்டிய ஜன்னல் சீட்டுதான் வேண்டும். பக்கத்து சீட்டுக்காரருக்கு மதுரை வரை ஓயாத வர்ணனை. சக்கரம் தரையில் கொஞ்சம் பலமாக மோதினால், "ஃப்ளேர் லேட்டு, மூக்கை முன்னாடியே தூக்கியிருக்கணும்" என்று உதட்டைப் பிதுக்குவார். வெளியே சொல்லாத ஆசை ஒன்றும் உண்டு. ஒருநாள் இரண்டு விமானிகளுக்கும் ஒரே நேரத்தில் தலை சுற்றும், "விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று பணிப்பெண் கேட்பார், இவர் அவசரப்படாமல் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்திருப்பார். இந்த ஆசை இல்லாத சிமுலேட்டர்காரர் உலகத்திலேயே கிடையாது. அந்த காக்பிட்டில் கேம்பேட் இருக்காது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

கேம்பேட் என்றதும் நினைவு வருகிறது. ஆர்வக்கோளாறில் செகண்ட் ஹேண்டில் விமானத்தின் ஸ்டீயரிங்கான யோக் ஒன்றும் பெடலும் வாங்கினார். கிளவுட் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. யோக் இப்போது பரணில். பெடலில் மகன் கால் வைத்துப் படிக்கிறான்.

கிளவுடுக்கு விமானம் பொருத்தமான விளையாட்டு என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பட்டன் தட்டுவதற்கும் படம் திரும்பி வருவதற்கும் நடுவே கண் இமைப்பதற்குள் ஒரு தாமதம் உண்டு. துப்பாக்கிச் சண்டையில் அந்தத் தாமதத்துக்குள் ஆள் செத்துவிடுவான். பெரிய விமானமோ இயல்பிலேயே நிதானி. இங்கே திருப்பினால் யோசித்துத்தான் திரும்பும். தாமதம் யாருடையது, நெட்டினுடையதா விமானத்தினுடையதா என்று தெரியாது. தரையிறங்கும்போதுதான் கணக்கு இடிக்கும். மணிக்கு 250 கிலோமீட்டரில் வரும் விமானம் ஒரு வினாடியில் 70 மீட்டர் ஓடும். பத்தில் ஒரு வினாடி தாமதம் என்றால், கேப்டன் கண்ணில் படும் விமானம் 7 மீட்டர் பழையது. அதனால் மூக்கைத் தூக்குவதை அவர் கொஞ்சம் முன்கூட்டியே செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார். எதிர்காலத்தை உத்தேசித்து அவர் செய்கிற ஒரே காரியம் இதுதான் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம்.

பெரிய கண்டம் நடுவானில் இருக்கிறது. 35,000 அடிக்கு ஏறி ஆட்டோபைலட் போட்டுவிட்டால், சிங்கப்பூர் வரும்வரை கேப்டனுக்குக் கையால் செய்ய ஒன்றுமில்லை. கீழே வங்காள விரிகுடா, மேலே வானம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். கிளவுட் சேவைக்கு அது புரியாது. கை ஓய்ந்தால் ஆள் எழுந்து போய்விட்டார் என்பது அதன் கணக்கு. சில நிமிஷம் எதையும் தொடாவிட்டால், இருக்கிறீர்களா என்று திரையில் கேட்கும். பதில் வராவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒருநாள் நிக்கோபார் பக்கம் கேப்டன் கொஞ்சம் கண்ணயர்ந்தார். விழித்துப் பார்த்தால் மெனு வந்து நிற்கிறது; 180 பேரையும் காணோம்.

"பதினெட்டு வருஷமா நானுந்தான் 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னு கேக்குறேன். எனக்கு ஒரு நாளாவது பட்டனைத் தட்டியிருக்கீங்களா?" என்றார் மனைவி.

அதற்குப் பிறகுதான் கேப்டனின் அம்மா துணை விமானியாக நியமிக்கப்பட்டார். எழுபது வயது தாண்டியவர். சீரியல் முடிந்தால் தூக்கம் வராதவர். "இந்த வலதுகைக் குச்சியை அப்பப்ப லேசா அசைங்க, போதும். பார்வைதான் திரும்பும், பிளேன் திரும்பாது" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேப்டன் படுக்கப் போனார். அம்மா இரண்டு நாள் கடலைப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்: "என்னடா இது, வெறும் தண்ணி? இதுல ஸ்ரீரங்கம் தெரியாதா?"

தெரிந்தது. கேப்டன் ஒரு சின்ன செஸ்னாவை எடுத்துத் திருச்சியிலிருந்து கிளம்பி, வடக்கே காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்த முடியாது என்பதால் வட்டம் போட்டார். விமான நிலையத்தைச் சுற்றும் வழக்கப்படி இடதுபக்கமாகப் போட்டார்.

"டேய், சாமியை யாராவது இடப்பக்கமா சுத்துவாங்களா?"

"அம்மா, ஸ்டாண்டர்ட் பேட்டர்ன் இடதுதாம்மா. உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் எப்படி வேணா சுத்தட்டும். நீ வலமா சுத்து. இல்லேன்னா இப்படிக் கொடு."

கொடுத்ததுதான் தவறு. வாரக்கடைசிக்குள் அம்மா 1,500 அடியில் நேராகப் பறக்கவும், வலமாகத் திரும்பவும் கற்றுக்கொண்டார். செக்லிஸ்ட் கிடையாது, டவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவர் கை ஓய்வதே இல்லையாதலால் சேவை அவரை ஒருமுறைகூட இருக்கிறீர்களா என்று கேட்டதில்லை. தரையிறங்கும் தொல்லையும் இல்லை: மூன்று சுற்று முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பறக்கிற விமானத்தை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பை மூடிவிடுவார். பார்த்துக்கொண்டிருக்கும் கேப்டனுக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது அவருக்கு வரிசை இரண்டு. கூட்டமான நேரத்தில் சர்வரில் ஒன்று, எந்த நேரமும் அம்மாவிடம் ஒன்று. சர்வராவது எத்தனை நிமிஷம் காத்திருக்கவேண்டும் என்று சொல்லிவிடும். அம்மாவுக்கு இன்னும் திருவானைக்கா பாக்கி, சமயபுரம் பாக்கி. அதன்பிறகு கும்பகோணம் இருக்கிறது.