மீற்றர் மாமா

கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்று பழைய கார் வாங்கத் தீர்மானித்து, வங்கிக் கடனுக்கும் பஞ்சாங்கத்து நல்ல நாளுக்கும் ஒருவாறு பொருத்தம் கண்ட பின்னர், விலை பேசப் புறப்படும் வேளையில் தவறாது அழைத்துச் செல்லும் உறவினர் ஒருவர் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஏறக்குறைய ஒழுங்கைக்கு ஒருவராகக் காணப்படும் இவர், அரசாங்கத் திணைக்களத்திலோ வங்கியிலோ காலம் கழித்து ஓய்வு பெற்றவராகவும், கராஜில் ஒரு நாளேனும் கை கறுக்காதவராகவும் இருப்பது வழக்கம். சித்தப்பா, பெரியப்பா, ஒன்றுவிட்ட அண்ணர் என்று உண்மையான முறை எதுவாயினும், கார் வாங்கும் காரியத்தில் இவர் எல்லோருக்கும் மாமாவே ஆவார். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும், இலங்கையில் பாஸ் என்று அழைக்கப்படும் கராஜ் வல்லுநரின் பொறுப்புக்குப் பெருந்தன்மையுடன் விட்டுவிடும் இவர், மீற்றர் போர்ட் எனப்படும், சாரதியின் கண்ணெதிரே முட்களும் விளக்குகளும் பொருந்திய பலகையைத் தவிர வேறெதையும் தமது கவனத்துக்கு உரியதாகக் கருதுவதில்லை. மனிதன் பொய் சொல்வான், பெயின்ற் பொய் சொல்லும், முள் மட்டும் பொய் சொல்லத் தெரியாமல் உளறும் என்பது இவரது சித்தாந்தம்.

இச்சித்தாந்தம் பரீட்சிக்கப்படும் களங்களுள் பேலியகொடை முக்கியமானது. களனி ஆற்றைக் கடந்தவுடன், கண்டிக்குச் செல்லும் ஏ1 வீதியிலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் ஏ3 வீதி பிரியுமிடத்தில் அமைந்துள்ள இவ்வூருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்க விரும்பும் மருமகன், அவனுடைய நண்பன், வீட்டிலிருந்து வேவு பார்க்க அனுப்பப்பட்ட மைத்துனன் ஆகியோர் புடைசூழ மாமா வந்திறங்குவார். சட்டைப்பையில் இரண்டு வயர்கள் பொருத்திய பன்னிரண்டு வோல்ற் சிறு குமிழ் ஒன்றும், இரு முனையிலும் கவ்விகள் கொண்ட ஒரு சாண் வயரும் இருக்கும். விற்பவர் "மாத்தயா" என்று மரியாதையுடன் கதவைத் திறந்துவிட்டு, உரிமையாளர் வெளிநாடு போவதாகவும் கார் ஒரு டொக்டர் பாவித்தது என்றும் சொல்லத் தொடங்குவார். மாமா அதைக் கேட்பதில்லை. "தம்பி, திறப்பை ஒருக்கா ஓன் மட்டும் பண்ணும். ஸ்டார்ட் பண்ணிப் போடாதையும்" என்பதே அவரது முதல் வாக்கியம்.

இதிலுள்ள நுட்பம் சாதாரணமானதன்று. எஞ்சின் ஓடாத நிலையில் எண்ணெயழுத்தம் இருக்க முடியாது. அழுத்தம் இல்லாதபோது அதற்குரிய சுவிட்ச் மூடிக்கொண்டு, எண்ணெய்ச் சாடியின் உருவம் கொண்ட சிவப்பு விளக்கை எரியச் செய்ய வேண்டும். எரியாத விளக்கைக் கண்டு மருமகன் "ஒரு பிழையும் காட்டேல்லை, மாமா" என்று மகிழும் அதே கணத்தில், குமிழ் கழற்றப்பட்டிருக்கலாம் அல்லது வயர் அறுந்திருக்கலாம் என்று மாமா தெளிகிறார். இதனிலும் கைதேர்ந்த விற்பனையாளர்கள், பழுதைக் காட்டி ஓயாது எரியும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எண்ணெய் விளக்கின் வயருடன் இணைத்துவிடுவதுண்டு. அப்போது திறப்பைத் திருப்பினால் இரண்டும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் இரண்டும் அணைந்துவிடும். ஒவ்வொரு விளக்கும் தனக்குரிய நேரத்தில் அணைய வேண்டியிருக்க, இவை இரண்டும் ஒரே கணத்தில் அணைவதைக் காணும்போது மாமாவின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை, அவரது பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள் வந்த நாளிலும் வீட்டார் கண்டதில்லை.

அடுத்தது பெற்றோல் முள். தாங்கிக்குள் மிதக்கும் மிதவையொன்று, தன் கம்பித் தண்டின் மறுமுனையிலுள்ள தொடுகையை ஒரு மின்தடைப் பட்டையின் மீது நகர்த்துவதால் மின்னோட்டம் மாறி முள் ஏறி இறங்குகிறது. முள் அசையாவிடின் பிழை மிதவையிலா, வயரிலா, மீற்றரிலா என்பது வினா. இதற்காக மாமா பின்னிருக்கையைத் தூக்கச் சொல்வார்; அங்கே ஐந்து ரூபாய்க் குற்றி, தலைமயிர்க் கிளிப், காய்ந்த இடியப்பத் துண்டு ஆகியன வெளிப்பட, டொக்டரின் குடும்பத்தைப் பற்றி ஒரு கருத்து உருவாகும். மிதவைக்குச் செல்லும் வயரைக் கழற்றிக் காரின் உடம்பில் கணநேரம் தொட்டால், பெரும்பாலான பழைய ஜப்பானியக் கார்களில் முள் நிறைவை நோக்கித் தாவும். தாவினால் மீற்றரும் வயரும் நலம், மிதவையே நோயாளி. சில மாதிரிகளில் முள் எதிர்த்திசையில் ஓடும் என்பதையும் மாமா அறிவார்; இருப்பினும் அதை முன்கூட்டிச் சொல்லாமல், முள் எந்தப் பக்கம் ஓடினாலும் "நான் நினைச்சது சரி" என்பார்.

வெப்ப முள்ளைப் பற்றிய அவரது கொள்கை பொதுமக்களின் கொள்கைக்கு நேர்மாறானது. முள் கீழேயே கிடப்பது எஞ்சினின் குளிர்ச்சிக்கு அடையாளம் என்று வாங்குவோர் நம்ப, மாமாவோ ஏறும் முள்ளைவிட ஏறாத முள்ளுக்கே அஞ்சுகிறார். குளிர்நீரில் அமிழ்ந்திருக்கும் உணரியின் மின்தடை சூடு ஏற ஏறக் குறைவதாலேயே முள் உயர்கிறது. அதன் வயரைக் கழற்றிவிட்டால் கொதிக்கும் எஞ்சினும் குளிர்ந்தே தோன்றும். நீர் முழுவதும் ஒழுகிப்போனாலும், உணரியைத் தொட நீரில்லாமையால், முள் உண்மையான சூட்டைக் காட்டத் தவறக்கூடும். நீரோட்டத்தைச் சூடு ஏறும்வரை மறித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வை, வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்று சொல்லிக் கழற்றியெறியும் பாஸ்மாரும் உள்ளனர் என்பதால், கிடக்கும் முள்ளுக்குக் காரணம் கண்டுபிடிப்பது அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்தில் விற்பவர் இரண்டு முறை தேநீர் வேண்டுமா என்று கேட்டு, மூன்றாம் முறை கேட்காது விடுவார்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களை மாமா ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இலக்க மீற்றர்களில் அந்த எண் ஒரு சிறு நினைவகச் சில்லில் தங்கியிருப்பதால், கருவியொன்றைப் பொருத்தி அதை விரும்பியவாறு மாற்றலாம். பிரேக் மிதியின் தேய்ந்த இறப்பரையும், டைமிங் பெல்ட் மாற்றிய தூரத்தைக் குறித்து ஜப்பானில் ஒட்டிய ஸ்டிக்கரையும் ஒப்பிட்டு, காரின் வயதை அவர் மனக்கணக்காகச் சொல்வார்.

எல்லா முட்களும் ஒருங்கே தடுமாறும் கார்தான் மாமாவின் திறமைக்கு உண்மையான உரைகல். முகப்பு விளக்கைப் போட்டதும் வெப்ப முள் உயர்வது, சைகை விளக்கின் துடிப்புக்குப் பெற்றோல் முள் தாளம் போடுவது போன்றவை, மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் ஏர்த் எனப்படும் பொதுவழி துருப்பிடித்துத் தளர்ந்திருப்பதைக் காட்டும். நல்ல பராமரிப்பிலுள்ள காரில் அந்த வழி ஏன் துருப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாமா தரைவிரிப்பின் மூலையைத் தூக்கி முகர்வார். 2016 மே மாதத்தில் களனி பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் வெள்ளத்தில் மூழ்கியதை அவர் மறந்தவரல்லர். வெள்ளத்தில் நின்ற கார் கழுவப்பட்டாலும், இணைப்பிகளுக்குள் படிந்த பச்சைக் களிம்பும் விரிப்பின் அடியிலுள்ள சேற்று வாடையும் எளிதில் போவதில்லை. ஆனால் பேலியகொடையில் இவ்வாடையை ஆதாரமாக முன்வைப்பது கடினம். கொழும்பு நகரிலிருந்து அங்கே இடம்பெயர்ந்து, 2020 ஒக்டோபரில் கொரோனாக் கொத்தணியால் நாடெங்கும் பேசப்பட்ட மத்திய மீன் சந்தை அருகிலிருப்பதால், "அது மார்க்கட் மணம் மாத்தயா, காத்து இந்தப் பக்கம்" என்று விற்பவர் கைகாட்ட, காற்றும் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கும்.

அண்மைக்காலத்தில் மாமாவுக்குப் போட்டியாக ஸ்கானர் பையன் தோன்றியிருக்கிறான். காரின் கணினியுடன் கைத்தொலைபேசியை இணைத்து, எஞ்சினின் சூடு எண்பத்தொன்பது பாகை என்று அவன் அறிவிக்கும்போது கூட்டம் அவன்புறம் சாய்வது இயல்பே. எனினும் பல பழைய ஜப்பானியக் கார்களில் கணினிக்கு ஓர் உணரியும் முள்ளுக்கு வேறோர் உணரியுமாக இரண்டு உண்டு. ஆகவே ஸ்கானர் நலம் என்று சொல்லும் காரில் முள் செத்துக் கிடக்கலாம். இதைச் சொல்லிப் பையனை மௌனமாக்கிய மாமா, திரும்பும் வழியில் அந்தச் செயலியின் பெயரை மருமகனிடம் மெதுவாகக் கேட்டறிவார்.

இத்துறையின் பொருளாதாரம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதுடன் குலைந்தது. முன்னர் ஒவ்வொரு செத்த முள்ளும் விலையில் ஒரு கழிவைப் பெற்றுத்தர, அதன்பின் வாங்கிய விலைக்கு மேலாகவே பழைய கொறோலாக்கள் விலைபோகத் தொடங்கியதால், "பிடிக்காட்டி விடுங்க மாத்தயா, பின்னால ஆள் நிக்குது" என்ற ஒரே பதில் எல்லாப் பழுதுகளுக்கும் போதுமானதாயிற்று. இந்த அவமதிப்புக்கு ஈடாக 2022 மாமாவுக்குப் பொற்காலமொன்றை அளித்தது. அவ்வாண்டு ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீட்டு முறை வந்து காருக்கு வாரம் இருபது லீற்றர் என்று வரையறுக்கப்பட்டபோது, நாட்டு மக்கள் துயரமென்று கண்டதை அவர் ஓர் அளவுத்திட்டமென்று கண்டார். ஐம்பது லீற்றர் தாங்கியில் இருபது லீற்றர் விழுந்தால் முள் ஐந்தில் இரண்டு பங்கு உயர வேண்டும். உயராவிடின் தாங்கியின் வடிவமோ மிதவையோ பெற்றோல் ஷெட்டின் பம்போ விளக்கமளிக்க வேண்டும். ஒழுங்கையிலுள்ள எல்லாக் கார்களின் முள் உயர்வையும் அவர் கொப்பியொன்றில் குறித்துவைத்தார். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும் புதிய கார்களின் விலை மருமகன்மாருக்கு எட்டாத உயரத்தில் நின்றமையால், மாமாவின் தேவை குறையவில்லை.

இத்தனை பழுதுகளைச் சுட்டிய பின்னரும் கார் வாங்கப்படுகிறது என்பதே இவ்வழக்கத்தின் விசித்திரம். வாங்குவதென்ற முடிவு நிறத்தைக் கண்டவுடனேயே எடுக்கப்பட்டிருக்கும். மாமா அழைக்கப்படுவது, பின்னாளில் பழி சுமத்துவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவே. மூன்றாம் மாதம் ஹோர்ன் அடிக்காவிடினும், ரயரில் ஆணி ஏறினாலும், "மாமாதானே பார்த்தவர்" என்று குடும்பம் கூறும். "நான் அப்பவே சொன்னனான்" என்று மாமா கூறுவார். இரண்டும் உண்மையாதலால் வழக்கு முடிவதில்லை. சில ஆண்டுகளின் பின் அதே மருமகன் அதே காரை விற்க முற்பட, வாங்க வரும் தூரத்து உறவினர் அதே மாமாவையே அழைத்து வருவார். தமக்கு இக்கார் அறிமுகமானது என்பதைக் காட்டிக்கொள்ளாது, திறப்பை ஓன் மட்டும் பண்ணச் சொல்லி, எரியாத விளக்கையும் தடுமாறும் முட்களையும் புதிதாகக் கண்டவர்போல் வியந்து, தரைவிரிப்பின் மூலையைத் தூக்கி அவர் முகர்ந்து நிமிரும்போது, மீன் சந்தையைக் காட்ட வழியில்லாத மருமகன் மரைன் டிரைவ் பக்கம் கையை நீட்டி, "அது கடல் காத்து, மாமா" என்பான்.