600 துளிக் கணக்கு

ஏ தாயி, அந்தச் செல்போனைக் கொஞ்சம் கவுத்தி வையி. மூஞ்சிக்குப் போடுற சீரம் தீந்துபோச்சு, இன்னொரு புட்டி வாங்கணும்னு உங்க அப்பன்கிட்ட 600 ரூவா கேட்டியாமே? கேளு, தப்பில்ல. போன மாசம் வேலி அடைக்க நான் 300 கேட்டப்ப அவனுக்குக் காது அடைச்சிருந்துச்சு. உனக்கு மட்டும் நல்லாக் கேட்டிருக்கு. அதை விடு.

முதல்ல கணக்குக்கு வருவோம். புட்டியில 30 மில்லின்னு போட்டிருக்கு. சொட்டு மருந்துக் கணக்குல மில்லிக்கு ஏறத்தாழ 20 துளி. ஆக மொத்தம் 600 துளி. நீ காலையில அஞ்சே அஞ்சு துளிதான் போடுறேன்னு சத்தியம் பண்ணுத. அப்படின்னா 120 நாளு, நாலு மாசம் வரணும். உனக்கு ரெண்டு மாசத்துலயே அடி தட்டிருச்சு. எப்படின்னு நீயே யோசிச்சுக்கிட்டு இரு, நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

30 மில்லி 600 ரூவான்னா லிட்டர் 20,000 ரூவா. நம்ம கருப்பி கறக்கிற எருமைப் பாலை சொசைட்டிக்குக் கொண்டுபோனா, தண்ணி கலந்திருக்கான்னு கருவியை மிதக்க விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்திக்கிடுறான். உன் புட்டிக்குப் பின்னால இருக்கிற பொடி எழுத்தை நானும் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். முதல் பேரே 'அக்வா'. கடலுக்கு அடியில விளையுற சரக்கு போலன்னு நெனைச்சேன். தண்ணியாம் தாயி! பால்ல தண்ணி கலந்தா களவாணிப்பய, தண்ணியில நாலு சொட்டு சரக்கு கலந்தா கம்பெனி.

ஆனா ஒன்னு, தண்ணி இல்லாம அந்தச் சரக்கு கரையாது. அதனால அதைக் குத்தம் சொல்லல. அந்தப் பட்டியல்ல ஒரு ஒழுங்கு இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கோ. எது அதிகமோ அது முன்னால நிக்கணும். நூத்துக்கு ஒரு பங்குக்குக் கீழ இருக்கிறதுகதான் முன்னப்பின்ன மாறி உக்காரலாம். அட்டையில பெருசாப் படம் போட்ட சரக்கு, வாசனைக்கும் பின்னால கடைசி வரியில உக்காந்திருந்தா என்ன அர்த்தம்? பத்திரிகையில பேரு போட்ட மாப்பிள்ளை பந்தியில எலை எடுத்துக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். இதுல ரெட்டினால் மாதிரிச் சரக்குக்கு விலக்கு உண்டு. அது நூத்துக்குக் காலோ அரையோ பங்கு இருந்தாலே போதும்.

மூணு வருஷத்துக்கு முன்ன ஹையலூரானிக் ஆசிட்னு ஒரு புட்டி வச்சிருந்தியே, அதோட பூர்வீகம் தெரியுமா? 1934-ல கார்ல் மேயர், ஜான் பாமர்னு ரெண்டு விஞ்ஞானிக நியூயார்க்குல அதை முதல்ல எடுத்தது மாட்டுக் கண்ணுக்குள்ள இருக்கிற கொழகொழப்புல இருந்து. அப்புறம் ரொம்ப நாளு சேவல் கொண்டையில இருந்து எடுத்தாங்க. இப்ப கிருமியை வளத்துப் புளிக்க வச்சு எடுக்காங்க. நம்ம தோசை மாவு கணக்காத்தான். வைட்டமின் சி இருக்கே, அதை ஹங்கேரியில சென்ட்-ஜியார்ஜின்னு ஒரு விஞ்ஞானி மூட்டை மூட்டையா மிளகாயை வாங்கிப் பிழிஞ்சு எடுத்தாரு. 1937-ல நோபல் பரிசே குடுத்தாங்க. நம்ம கரிசக்காட்டு மிளகாய்க்கு வியாபாரி விலை குடுக்கதே பெரும்பாடு. அதுக்காக மிளகாயை அரைச்சு மூஞ்சியில அப்பிராத, நீ செய்யக்கூடிய ஆளு. எலுமிச்சம்பழத்தைத் தேச்ச கதைதான் ஊருக்கே தெரியுமே.

அந்த வைட்டமின் சி தோலுக்குள்ள எம்புட்டு இறங்குதுன்னு பன்னித் தோல்ல சோதிச்சுப் பாத்தாங்க. அமெரிக்காவுல பின்னெல்னு ஒரு டாக்டரு, 2001-ல. கரைசலோட பிஎச் 3.5-க்குக் கீழ புளிப்பா இருந்தாத்தான் உள்ள இறங்குது. நூத்துக்கு 20 பங்கு வரைக்கும் ஏறுது. அதுக்கு மேல கூட்டினா ஏற மாட்டேங்குது. ஆக மாட்டுக் கண்ணு, சேவல் கொண்டை, பன்னித் தோலு. நம்ம தொழுவத்துக்குக் கடன் பட்டுத்தான் உன் அலமாரியே நிக்குது. நீ என்னடான்னா மூக்கைப் பொத்திக்கிட்டுத் தொழுவத்தைத் தாண்டிப் போற.

25 சதம், 30 சதம்னு போட்டிருந்தா உசத்தின்னு நெனைக்காத. வெள்ளாமைக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினவன் பயிரு கருகித்தான் போச்சு. முதத் தடவை போடுறவளுக்குப் பத்து போதும். அதுவும் கண்ணாடி மாதிரி பளிச்னு இருக்கிற புட்டியில வேண்டாம். வெளிச்சமும் காத்தும் பட்டா அது கெட்டுப்போகும். கரும்பழுப்பு புட்டியா இருக்கணும், மூடி இறுக்கமா இருக்கணும். வாங்கயில தெளிஞ்சு இருக்கிறது, நறுக்கி வச்ச வாழைக்காய் கணக்கா மஞ்சளாகிப் பழுப்பாச்சுன்னா தூக்கிப் போட்டுரு. பூச்சிமருந்து வாங்கயில பேட்ச் நம்பரு, காலாவதித் தேதி, முக்கோணத்துக் கலரு எல்லாம் பாத்துட்டுத்தான் கடையை விட்டு இறங்குவேன். செடிக்கே இம்புட்டுப் பாக்கணும்னா மூஞ்சிக்குப் பாக்க வேண்டாமா?

புது மருந்தை ஒரே நாள்ல மொத்தக் காட்டுக்கும் அடிப்பானா சம்சாரி? ஒரு மூலையில நாலு செடிக்கு அடிச்சுட்டுக் காத்திருப்பான். நீயும் முழங்கை உள்பக்கத்துல ஒரு துளி தடவி ஒரு வாரம் பாரு. சிவக்கல, அரிக்கல, தடிக்கலன்னா மூஞ்சிக்குக் கொண்டுவா. ஒரு சமயத்துல ஒரு புட்டிதான். நாலையும் ஒன்னாத் தொடங்கிட்டு மூஞ்சி வெந்துபோனா எவன் மேல கேஸ் போடுவ?

மூஞ்சியைக் கழுவி, ஒத்தி எடுத்து, லேசா ஈரம் இருக்கயில அந்த ஹையலூரானிக்கைத் தடவணும். மண்ணு ஈரமா இருக்கயில உரம் வைக்கிற மாதிரி. அதுக்கு மேல ஈரம் காக்கிற க்ரீம். வாடைக் காத்தடிக்கிற மார்கழியில க்ரீமை மறந்தா, இருக்கிற ஈரமும் பறந்துரும். வைட்டமின் சியைக் காலையில போட்டு, மேல சன்ஸ்க்ரீன் போடாம வெயில்ல போறது, நாத்து நட்டுட்டு வேலி போடாம ஆட்டை அவுத்து விடுறது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாம வாங்கு, தாராளமாப் பூசு. உனக்குத்தான் சிக்கனம் எங்க பிடிக்கணும், எங்க விடணும்னே தெரியாதே.

சவரம் பண்ணின கன்னத்துல வைட்டமின் சி பட்டா சுர்ருன்னு ஏறும். அன்னைக்கு ஒரு நாளு விட்டுப் போடணும். எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன்.

ரெட்டினால் ராத்திரிக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை, அதுவும் துளி. உங்க அக்கா மாசமா இருக்கா, அவ கைக்கு அது போகவே கூடாது, சொல்லிட்டேன்.

செவப்பாக்குதேன்னு ஒருத்தன் பேரில்லாத டப்பாவை நீட்டினா மட்டும் கிட்டயே போகாத. மேலத் தெருப் பிள்ளை ஒன்னு அப்படி வாங்கிப் பூசி, ஒரு வாரம் மல்லிகை மொட்டா இருந்துச்சு. நிறுத்துன உடனே மூஞ்சி பூராம் கொப்புளம், செந்தழும்பு. உள்ள இருந்தது ஸ்டீராய்டு. அந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகள்ல பலதை டாக்டரு சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-ல சர்க்காரே சொல்லிருச்சு. கறுப்பா இருக்கிறது நோயா தாயி? கரிசல் மண்ணு கறுப்பா இருக்கப் போய்த்தான் பருத்தி வெள்ளையா வெடிக்கு. எந்த நல்ல சரக்கும் ஒரு வாரத்துல ஆளை மாத்தாது. தோலு மேல புரண்டு வரவே ஒரு மாசத்துக்கிட்ட ஆகும். நீ மூணாம் நாளே கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு விதையைத் தோண்டிப் பாக்கிற.

இன்னொன்னு, உன் புட்டியில ரோஜாப்பூ வாசனை ஏத்தியிருக்கான். தோலுக்கு அது ஒரு பிரயோசனமும் இல்ல. சில பேருக்கு அந்த வாசனைச் சரக்கே அரிப்பைக் கிளப்பும். நேத்து விடியக்காலம் செம்பை எடுத்துக்கிட்டுக் கறக்க உக்காந்தேன். ஆறு வருஷமா என் வேர்வை வாடைக்குப் பால் சுரந்தவ இந்தக் கருப்பி. என் மூஞ்சியைத் திரும்பி மோந்து பாத்தா, அடுத்த நிமிசம் விட்டா பாரு ஒரு உதை! செம்பு குழுதாடி வரைக்கும் உருண்டுருச்சு. ரெண்டு லிட்டரு போச்சு. உங்க அப்பத்தா திண்ணையில நின்னு சிரிக்கா.

அதனால இந்தத் தடவை வாசனை சேக்காததாப் பாத்து வாங்கு. 30 மில்லி பத்தாது, 50 மில்லி புட்டி இருக்கான்னு கேளு.