எனக்கு நாயே பிடிக்காது, கேட்டேளா

திருவனந்தபுரம் வலியசாலையில் விடிகாலை ஐந்தே முக்காலுக்கு ஒரு கறுப்பு லாப்ரடார், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவரை நடைக்குக் கூட்டிக்கொண்டு போகும். வார் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எந்தத் தெரு, என்ன வேகம், எந்தக் கம்பத்தடியில் எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. எதிரே வருகிறவர் லேசாகச் சிரித்துவிட்டால் போதும், மாமா தன் நிலையைப் பதிவு செய்துவிடுவார்: "எனக்கு நாயே பிடிக்காது, கேட்டேளா. பையன் விட்டுட்டுப் போனதாக்கும்."

இவரை ஒரு தனி ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஓர் இனம். கரமனையிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பையன் ஒரு நாள் சட்டைப் பையளவு குட்டியோடு வந்து நிற்பான். "ஒண்ணு அது போகணும், இல்லேன்னா நான் போறேன்" என்று அப்பா சொல்வார். ஒன்றரை வருஷத்தில் பையன் போவான், டொரான்டோவுக்கு. குட்டி முப்பது கிலோவாகி அப்பாவின் சாய்வு நாற்காலியில் கிடக்கும். அப்பா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பக்கம் திருப்பும்போது சத்தம் வராமல் திருப்புவார். இனம் உருவாகிவிட்டது.

வலியசாலை அக்கிரகாரத்தில் நாய் நடுக்கூடம் வரை வந்ததே ஒரு புரட்சிதான். ஒரு தலைமுறைக்கு முன்னால் தெருநாய் திண்ணையில் நிழலுக்கு ஒதுங்கினால் ஒரு குடம் தண்ணீர் செலவு: பாதி நாயின் மேல், பாதி திண்ணையின் மேல். மாமா ஆத்து லாப்ரடாரான குட்டன் வந்த புதிதில் மாமியும் அதே சட்டப்படிதான் நடந்தாள். பிறகு நாய் பைரவர் வாகனம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதுவும் கறுப்பு. அன்றைக்கே கூடத்துக்கு அனுமதி. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம் என்று கால்நடை டாக்டர் சொன்னதும் சமையலறை வாசல் வரை அனுமதி. "நம்மாத்துத் தளிகைக்குன்னே பொறந்த ஜீவன்" என்று மாமி இப்போது பக்கத்தாத்தில் பெருமையடித்துக்கொள்கிறாள்.

ராஜராஜ சோழன் காந்தளூர்ச்சாலையில் 'கலமறுத்த'தாக அவனுடைய கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தக் காந்தளூர்ச்சாலை எங்கள் வலியசாலைதான் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். மகாதேவர் கோயிலுக்கே காந்தளூர் என்றுதான் பெயர். அறுத்த கலம் கப்பலா, சாப்பாட்டுத் தட்டா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மாமா ஆத்தில் அந்தச் சந்தேகம் கிடையாது. குட்டன் இரண்டு பிளாஸ்டிக் கலங்களை அறுத்தருளிய பிறகுதான் அவனுக்கு எவர்சில்வர் தட்டு வந்தது.

இந்த இனத்துக்கு ஒரு வீக்கான இடம் உண்டு. மலையாளத்தில் நாய்க்குப் 'பட்டி' என்று பெயர். பால்காரன் வாசலில் நின்று, "சுவாமி, பட்டி கடிக்குமோ?" என்று கேட்டுவிட்டால் மாமாவின் முகம் சிவந்துவிடும். "பட்டியா? குட்டன்னு அவனுக்கொரு பேரு இருக்கு. கார்ப்பரேஷன் லைசென்ஸ்லயும் அந்தப் பேர்தான்." லைசென்ஸ், வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ், பூச்சி மருந்து கொடுத்த தேதி எல்லாம் பக்க எண் போட்டு, நாடா கட்டின ஒரு ஃபைலில் இருக்கும். மாமாவின் சொந்த ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு எங்கே என்று கேட்டால் மாமிக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டொரான்டோவிலிருந்து வீடியோ கால் வரும். "அப்பா, குட்டனைக் காட்டுங்கோ." மாமா போனைத் திருப்புவார். "கொஞ்சம் கீழே. லைட் பத்தலே. இன்னும் கீழே." அரைமணி நேரம் மாமா ஒரு போன் ஸ்டாண்டாக உட்கார்ந்திருப்பார். ஸ்டாண்டுக்கும் மூட்டுவலி உண்டு என்பது கடைசி நிமிஷத்தில்தான் அங்கே ஞாபகம் வரும். "நீங்க எப்படிப்பா இருக்கேள்? சரி, வச்சுடறேன், வெளியே போக நேரமாச்சு."

குட்டனுக்கு ஐந்து வயசு நிறையப் போகும் சமயத்தில், ஒழுங்காக ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி பையன் சொல்லிவிட்டான். மாமா போனில் குட்டன் படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் சுண்ணாம்படித்த சுவருக்கு முன்னால் ஒரு கறுப்புத் தலையணைதான் கிடந்தது. இது கேமராவின் பிறவிக் குணம். எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன்னால் கறுப்பு நாய் உட்கார்ந்தால் சுவரை நம்பி நாயைக் கைவிட்டுவிடும். வெள்ளைவெளேரென்ற ராஜபாளையம் நாயை முழுச்சட்டத்துக்கும் எடுத்துப் பாருங்கள், அழுக்கு வேட்டி நிறத்தில் வரும்.

அதனால் கரமனையிலிருந்து ஒரு பையன் வந்தான். கல்யாண போட்டோகிராபர். 'சேவ் தி டேட்' படத்துக்காக மாப்பிள்ளை பெண்ணைக் கோவளம் கடற்கரையில் அலைக்குள் நிறுத்தியவன். இப்போது நாய்ப் படங்களுக்குத்தான் மதிப்பு என்று அதற்கு மாறியிருந்தான். "மாப்பிள்ளையோட சித்தப்பா கோவிச்சுப்பார், மாமா. நாய்க்குச் சித்தப்பா கிடையாது."

மாமா ரேட்டைக் கேட்டார். கேட்டபின் அவருக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஏஜீஸ் ஆபீஸ் எழுந்து உட்கார்ந்தது. "என் கல்யாண ஆல்பமே இவ்வளவு ஆகலையே" என்று ஆட்சேபணை எழுப்பினார். மாமி உள்ளேயிருந்து, "அதுல என்ன இருக்கு? நீங்களும் நானும் திருட்டு முழி முழிச்சுண்டு நிக்கறோம்" என்றாள். ஆட்சேபணை தள்ளுபடியானது.

கொலுவுக்கு வாங்கி வைத்த தெர்மகோல் அட்டையை வெளிச்சம் திருப்புவதற்காக என் கையில் கொடுத்து நிறுத்தினார்கள். ஜன்னலோரம் பாய். பையன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். நாயை நாயின் உயரத்திலிருந்துதான் எடுக்க வேண்டுமாம். மனிதன் உயரத்திலிருந்து எடுத்தால் பெரிய மண்டையும் சின்னக் கால்களுமாகக் கொழுக்கட்டைக்குக் கால் முளைத்த மாதிரி வரும். ஃபிளாஷ் கூடாது. நாயின் கண்ணுக்குள்ளே, விழித்திரைக்குப் பின்னால், வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. ஃபிளாஷ் போட்டால் குட்டன் பச்சைக் கண் பிசாசாகிவிடுவான். நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்குள் ஷட்டர் மூட வேண்டும். அதற்குள் அசைகிற நாயும் உண்டு.

"குட்டா, சிரிடா" என்றார் மாமா.

குட்டன் கொட்டாவி விட்டான். மூக்கை நக்கிக்கொண்டான். விழியோரம் வெள்ளை தெரிய ஓரப் பார்வை பார்த்தான்.

"தூக்கம் வரது அவனுக்கு" என்றார் மாமா.

"இல்லை மாமா, பயம்" என்றான் பையன். "கொட்டாவி, நக்கறது, இந்தப் பார்வை, எல்லாம் பதற்றத்தோட அடையாளம். நீங்க அதட்டாம, எனக்குப் பின்னால வந்து நில்லுங்கோ. நாய் கேமராவைப் பார்க்காது, தன்னோட ஆளைத்தான் பார்க்கும். நீங்க லென்ஸுக்கு மேல நின்னாத்தான் அவன் என்னைப் பார்க்கற மாதிரி இருக்கும்."

தெர்மகோலைப் பிடித்திருந்த எனக்கு அது சுரீரென்று உறைத்தது. நமக்குத் தெரிந்த பேர்பெற்ற நாய்ப் படங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதானே? மாமா ஆத்துப் பரணில் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே கிராமபோன் குழாய்க்கு முன் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறதே ஒரு நாய், அதன் பெயர் நிப்பர். பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் அதை வரைந்தபோது நிப்பர் செத்து மூன்று வருஷமாகியிருந்தது. 1899-இல் கிராமபோன் கம்பெனி அந்தப் படத்தை வாங்கியது. நாய் இருக்கிறது, குரல் இருக்கிறது, எஜமானன் மட்டும் படத்தில் இல்லை. நம்ம ஊர் ரவிவர்மா 1893-இல் தன் மகளைக் குழந்தையோடு நிறுத்தி 'அதோ அப்பா வருகிறார்' என்று ஒரு படம் போட்டார். கௌடியார் அரண்மனைப் படம் அது. அதிலும் ஒரு நாய் உண்டு. வருகிற அப்பாவைத் தேடுகிறவர்கள் கூட்டத்தில் அதுவும் சேர்த்தி. அப்பா சட்டத்துக்கு வெளியே.

இன்னும் பின்னால் போனால் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். கூடவே அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ ராணிகளின் பெயர் கிடைக்காமல் ஆய்வாளர்கள் தவிக்கும் நாட்டில், ஒரு நாய்க்குப் பெயரும் படமும் ஆயிரத்து நானூறு வருஷமாக நிற்கிறது. காத்து நிற்க எஜமானன்தான் இல்லை. நாய்ப் படம் என்று நாம் சொல்வதெல்லாம், பாதிக்குப் பாதி, படத்தில் விழாமல் போன ஓர் ஆளைப் பற்றிய படம்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "நான் என்ன செத்தா போயிட்டேன்? தெர்மகோலை நேராப் பிடி" என்றார்.

பையன் பிஸ்கட் பொட்டலத்தைச் சரசரத்தான். குட்டன் எழுந்து லென்ஸை நக்கினான். பையன் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மையை அமுக்கினான். முதல் தடவை குட்டன் அழகாகத் தலையைச் சாய்த்தான், அப்போது பையன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை காதை மட்டும் அசைத்தான். மூன்றாவதில் 'இதுக்குத்தானா?' என்று படுத்துவிட்டான்.

"அவன் உங்களை ஆசையா ஒரு தடவை பார்த்தாப் போதும், மாமா" என்றான் பையன். "அந்தப் பார்வைக்கு விஞ்ஞானமே இருக்கு. 2015-ல ஜப்பான்ல பார்த்திருக்கா. நாயும் ஆளும் கண்ணுக்குக் கண் பார்த்துண்டா ரெண்டு பேருக்கும் ஆக்ஸிடோசின் கூடறதாம், தாயும் குழந்தையும் பார்த்துக்கற மாதிரி. ஓநாய்க்கு அது கிடையாது. உள்புருவத்தைத் தூக்கிப் பாவமா மூஞ்சியை வச்சுக்கறதே, அதுக்குன்னு நாய்க்கு ஒரு தசை உண்டு. ஓநாய்க்கு அதுவும் ஒழுங்காக் கிடையாது."

"அந்தத் தசையாலதான் இவன் தினம் என் தயிர்சாதத்துல பாதி வாங்கறான்" என்றார் மாமா. "சரி, இப்போ என்னதான் பண்ணணும்?"

பையன் தயங்கினான். "எலியட் எர்விட்னு ஒருத்தர். நாய்ப் படத்துக்குப் பேர்போனவர். அவர் என்ன பண்ணுவாராம்னா... நாயைப் பார்த்துத் தானே குரைப்பாராம்."

கூடத்தில் அமைதி. ராமாயணம் படித்துக்கொண்டிருந்த மாமி கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அமெரிக்காக்காரன் குரைச்சாக் கலை. நான் குரைச்சா?" என்றார் மாமா.

"வாசக்கதவைச் சாத்திடறேன்" என்றேன்.

சாத்துவதற்குள் அது நடந்துவிட்டது. முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கணக்கைத் தணிக்கை செய்து, ஒரு சூப்பரின்டெண்டென்டைக்கூட ஏக வசனத்தில் பேசாத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குரைத்தார். ஒரு தடவையில்லை, மூன்று தடவை. சிவன், விஷ்ணு, பிரம்மா மூன்று சன்னிதியையும் சேவித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு மாமி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எதிராத்து நாய் பதில் சொன்னது.

குட்டன் அசையவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக மாமா அவன் பாஷையில் ஏதோ சொல்லியிருக்கிறார். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. உள்புருவம் மேலே ஏறியது. காது இரண்டும் முன்னால் வந்தன. கிளிக்.

பத்து நாளில் பிரேம் போட்டுப் படம் வந்தது. பட்டுப் போலக் கறுப்பு. ஒவ்வொரு மயிரும் எண்ணலாம். எங்கே ஆணி அடிப்பது என்பதில் அடுத்த சண்டை. கூடத்துச் சுவரில் ஏற்கெனவே பத்மநாபசுவாமி, காஞ்சிப் பெரியவர், சித்திரைத் திருநாள் மகாராஜா, தலைப்பாகை வைத்த கொள்ளுத்தாத்தா. "கொள்ளுத்தாத்தா பக்கத்துல நாயா?" என்றாள் மாமி. "கொள்ளுத்தாத்தாவை நான் பார்த்ததே இல்லை" என்றார் மாமா. கடைசியில் சமாதானம் ஏற்பட்டது: காலண்டர் ஆணி குட்டனுக்கு. ஒரு நிபந்தனை மட்டும், மாலை போடக் கூடாது, உயிரோடு இருக்கிற ஜீவன்.

டொரான்டோவிலிருந்து, "சூப்பர்ப்பா! குட்டன் செம!" என்று செய்தி வந்தது. கூடவே மூன்று இதயங்கள்.

மாமா பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து படத்தை அங்குலம் அங்குலமாகத் தணிக்கை செய்தார். மூக்கு சரி. மீசை சரி. கண்ணுக்கு வந்ததும் நின்றார். குட்டனின் கறுப்புக் கண்மணியில் ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தீக்குச்சியளவு ஓர் உருவம், மடித்துக் கட்டின வேட்டி, மேலே தூக்கின இரண்டு கை, சின்னதாக ஒரு வழுக்கை.

"இது யாருடா?"

"நீங்கதான் மாமா."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். குட்டன் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டான்.

"இதைக் கொஞ்சம் பெரிசு பண்ணித் தருவியா?" என்று போட்டோகிராபர் பையனைக் கேட்டார்.

"குட்டனையா? எவ்வளவு பெரிசா?"

"குட்டனை எதுக்கு? அவன்தான் ஆத்துல இருக்கானே" என்றார் மாமா. பூதக்கண்ணாடி அந்தத் தீக்குச்சி மனிதன் மேலேயே இருந்தது. "இவனை."